முப்பத்தேழு நாள் பச்சை

கனகதாஸைப் பற்றிக் கேரள எல்லையோரக் குன்னத்துகாலில் இப்போது இரண்டு பேச்சு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் அவனை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்பது ஒன்று. சோறு போட்டாலும் தின்னத் தெரியாத மண்டூகம் என்பது மற்றது. டீக்கடையில் முதலாவது ஓடும், கல்யாண வீட்டில் இரண்டாவது. எதைக் கேட்டாலும் எனக்கு வாய் துருதுருக்கும். ஆனால் வாய் திறக்க வேண்டிய நாளில் நான் திறக்கவில்லை. இப்போது டீக்கடைக்காரனிடம் மல்லுக்கு நின்று என்ன பயன்? அதனால் எழுதி வைக்கிறேன்.

என் பெயர் சிஜி. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் பதினோரு வருஷமாக ரத்தம் குத்தி எடுக்கிறேன். கனகதாஸ் அங்கே கம்ப்யூட்டர் ஆள். முந்நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் கம்ப்யூட்டருக்கென்று அவன் ஒருவன்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவன், சர்வர் படுத்தாலும் அவன். பாறசாலையில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, நெய்யாற்றின்கரை வரும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டான். "எலே, ஒனக்க வாயிலயும் பாஸ்வேர்டு போட்டிருக்கியா?" என்று நான் கேட்டால் மட்டும் சிரிப்பான்.

அவன் அப்பா ரப்பர் வெட்டுகிறவர். குடியிருந்தது கேரளத்தில், வெட்டியது தமிழ்நாட்டுத் தோட்டத்தில். மகன் பத்தாம் வகுப்புவரை தமிழில் படித்தான், பாலிடெக்னிக்கில் மலையாளம் பேசும் வாத்தியார்களிடம் இங்கிலீஷ் புத்தகம் படித்தான். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தான். ஒரு நாள் காலையில் பன்னிரண்டு பேரை வரிசையாக உள்ளே கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இவன் அதில் ஒன்பதாவது ஆள். அதன்பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அவன் மனைவி ஷீனா பாலராமபுரத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். குழந்தை கிடையாது.

எல்லைக்காரர்களாகிய எங்களுக்கு ஒரு புத்தி உண்டு. எதற்கும் இரண்டு வழி வைத்திருப்போம். போனில் இரண்டு சிம், ஒன்று இந்தக் கரைக்கு, ஒன்று அந்தக் கரைக்கு. இங்கே ஹர்த்தால் என்றால் அங்கே போய் மீன் வாங்குவோம். அங்கே பந்த் என்றால் அவர்கள் இங்கே வருவார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று வெளியூர்க்காரன் கேலி செய்வான். செய்யட்டும். இரண்டில் ஒன்று இருந்தால் பொழுது ஓடிவிடும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. கனகதாஸின் கையைக் கடித்ததும் அதுதான்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் விவரம் முழுவதும் கம்ப்யூட்டரில்தான் ஏறும். காகிதக் கோப்பை ஒழித்து ஒரு வருஷம் ஆகிறது. நர்ஸ் நாடி பார்த்தால் அந்த நிமிஷம் பதியும், டாக்டர் வந்து தொட்டால் அந்த நிமிஷம் பதியும், யாரும் மணியைத் திருத்த முடியாது. மெயின் சர்வர் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது. அது செத்தாலும் விவரம் சாகக்கூடாது என்பதற்காக, தினமும் நகலெடுத்து வைக்க ஒரு பேக்கப் சர்வரைக் குன்னத்துகாலில் உள்ள எங்கள் கிளை கிளினிக்கில் வைத்தார்கள். அதற்கும் கனகதாஸ் இரண்டு வழி வைத்தான். கேரளக் கம்பெனியின் இன்டர்நெட் லைன் ஒரு நெட்வொர்க் கார்டில், தமிழ்நாட்டுப் பக்கத்துக் கம்பெனியின் லைன் இன்னொரு கார்டில். தமிழ்நாட்டு லைன் வேகமானது. ஆகவே நகல் போவது அந்த இரண்டாம் கார்டு வழியாக மட்டும். முதல் கார்டு, இவன் இங்கிருந்து உள்ளே புகுந்து பார்ப்பதற்கு.

தினமும் குன்னத்துகாலுக்குப் போய்ப் பார்க்க ஆள் இல்லை. அதனால் ஒரு ஆட்டோமேஷன் டூலை வைத்திருந்தான். வேலைப் பட்டியல் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டால், காலை எட்டரைக்கு அதுவே பேக்கப் சர்வருக்குள் போய் ஒவ்வொரு நெட்வொர்க் கார்டாகக் கேட்டு வரும். உன் முகவரி என்ன, நீ வெளியே போகும் கேட்வே எது, உன் வயரில் உயிர் இருக்கிறதா இல்லையா. பதிலையெல்லாம் ஒரு பக்கமாக எழுதி அவன் லேப்டாப்புக்கு அனுப்பும். பக்கத்தின் தலைப்பில் ஒரு வட்டம். எல்லாம் சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. வட்டம் எப்போது பச்சையாக வேண்டும் என்று எழுதியது கனகதாஸ். இரண்டு கார்டில் ஒன்று உயிரோடு இருந்தால் பச்சை காட்டு என்று எழுதியிருந்தான்.

ஓணத்துக்கு மூன்று நாள் முன்பு, எல்லைக்கு அந்தப்புறம் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜேசிபி, தமிழ்நாட்டு லைனின் கேபிளை அறுத்துப்போட்டது. அன்றோடு நகல் போவது நின்றது. மறுநாள் காலை அந்த டூல் ஒழுங்காகப் போய், ஒழுங்காகக் கேட்டு, ஒழுங்காக எழுதியது. முதல் கார்டு உயிரோடு இருக்கிறது. நாலாவது வரியில், இரண்டாம் கார்டு செத்துக் கிடக்கிறது. தலைப்பில் வட்டம் பச்சை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து கனகதாஸ் பச்சையைப் பார்த்தான், மூடிவைத்தான். அப்படி முப்பத்தேழு காலை.

அந்த முப்பத்தேழில் பதினெட்டாம் நாள் ஒரு சனிக்கிழமை. அன்று குன்னத்துகால் ஜிஷா எங்கள் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பெற்றாள். இருபத்தாறு வயது, தலைப்பிரசவம். பிற்பகல் மூன்று மணிக்குக் குழந்தை. இரவு எட்டரைக்கு ஜிஷா இல்லை. ரத்தம் நிற்கவில்லை.

அவள் அம்மா சரசம்மா தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மகளைப் பார்க்க ஒரு தடவை உள்ளே விட்டபோது, கால் ஜில்லென்று இருக்கிறது, துணி நனைந்து கிடக்கிறது என்று நாலு மணிக்கே நர்சிடம் சொன்னாராம். டாக்டரம்மா உள்ளேதான் இருக்கிறார், பார்த்துக்கொள்வார், நீங்கள் வெளியே உட்காருங்கள் என்றார்களாம். அந்த அம்மாள், உள்ளே பரபரப்புத் தொடங்கிய ஏழு மணிவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் நாலரைக்கே வந்து சிகிச்சை தொடங்கிவிட்டார் என்று ஆஸ்பத்திரி சொன்னது. இல்லை, ஏழு மணிக்குத்தான் வந்தார் என்று சரசம்மாவுக்குச் சந்தேகம். வெளிப்பக்கப் படி வழியாக டாக்டர்கள் வந்து போவதால் பெஞ்சில் இருந்தவருக்குக் கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. கம்ப்யூட்டர் பதிவில் மணி இருக்கும். அதைத் தாருங்கள் என்று வக்கீல் வைத்துக் கடிதம் கொடுத்தார். கடிதம் வந்தது ஒரு திங்கட்கிழமை. வியாழக்கிழமை சாயங்காலம் இடி விழுந்தது.

கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்குத் தெரியும். ஆனால் இடி விழுந்தது நிஜம். மழைக்கு முந்தின இடி. லேபில் என் கண்முன்னால் டியூப்லைட் வெடித்தது. கீழ்த்தளத்தில் மெயின் சர்வர் கருகிய வாடை இரண்டு நாள் போகவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து வந்தவர்கள் டிஸ்குகளைக் கழற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். கனகதாஸ் மட்டும் பதறவில்லை. "பேக்கப்பு உண்டு. பேடிக்காண்டாம்" என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லிவிட்டுக் குன்னத்துகாலுக்குப் போனான்.

மறுநாள் பஸ்ஸில் அவன் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் சாவு விழுந்தவன் முகம்.

"சிஜி, ஓணத்துக்கு முன்னயிருந்தே ஒண்ணுமே ஏறல்ல. ஒரு வரி கூட இல்ல."

"நீ தினம் பாத்தியே மக்கா?"

"பாத்தேன். பச்சயத்தான் பாத்தேன். டூலு பொய் சொல்லல்ல. நாலாவது வரியில எழுதித் தந்திருக்கு, முப்பத்தேழு நாளும். நான் கீழ எறங்கிப் படிக்கல்ல."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அவனைத் திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. பஸ் அமரவிளைப் பாலம் தாண்டும்போது அவன் கேட்டான்: "சரசம்மாக்காவுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

அப்போதுதான் நான் சொன்னேன். இத்தனை நாள் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை அவனிடம் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை நான் டியூட்டியில் இருந்தேன். ஆறு ஐம்பதுக்கு டீ வாங்கக் கீழே போனபோது டாக்டரம்மாவின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. கைப்பையோடு இறங்கி ஓடினார். ஏழு பத்துக்கு, ஜிஷாவுக்கு ரத்தம் வேண்டும் என்று லேபுக்கு முதல் தகவல் வந்தது. அதற்கு முன் ஒன்றும் வரவில்லை. லேப் பதிவும் அதே சர்வரில்தான், அதுவும் கருகிவிட்டது. இப்போது அந்த மணி என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

கனகதாஸ் மடியிலிருந்த லேப்டாப்பைப் பைக்குள் வைத்தான். பிறகு, "நான் எனக்க தப்ப சொல்லுவேன். நீ இதச் சொல்லு. ரெண்டும் சேந்தாத்தான் நிக்கும்" என்றான். நான் தலையாட்டினேன். சத்தியமாக அப்போது சொல்லத்தான் நினைத்தேன்.

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் சரசம்மாவின் வீட்டுக்குப் போனான். என்னையும் கூட்டிப்போனான். ஜிஷாவின் புருஷன் லீவு முடிந்து கல்ஃபுக்குத் திரும்பிவிட்டான். குழந்தை பாட்டியின் மடியில் கிடந்தது. பிறந்து இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டிப் பெயர் சொல்வது எங்கள் வழக்கம். நாள் தாண்டியும் அந்தக் குழந்தையின் இடுப்பு வெறுமையாக இருந்தது.

கனகதாஸ் ஒளிக்காமல் சொன்னான். இரண்டு லைன், ஜேசிபி, பச்சை வட்டம், நாலாவது வரி. "ஆரும் அழிக்கல்ல அக்கா. நான் நோக்காம விட்டதாக்கும். எனக்க பெழ."

சரசம்மா கடைசிவரை கேட்டார். அழவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டுக் கேட்டார்:

"இதச் சொல்ல ஆரு மக்கா ஒன்ன விட்டது?"

"ஆரும் விடல்ல அக்கா. நானாத்தான் வந்தேன்."

"கடிதாசு குடுத்து மூணாம் நாளு இடி விழுந்தது. அதுக்கும் முன்னே நகலு நின்னு போச்சு. நல்லாத்தான் இருக்கு. நீ நம்ம ஊருக்காரன், ஒன்ன நான் ஏசப்பிடாது." குரல் இறங்கிச் சொன்னார்: "எனக்கு ஆரயும் ஜெயில்ல போடாண்டாம். டாக்டரு உள்ள நின்னாவன்னா, எனக்க பிள்ளைக்கு அம்புட்டுத்தான் ஆயுசு. மனசத் தேத்திக்கிடுவேன். உள்ள ஆருமே இல்லன்னா, நான் என்னத்துக்கு அந்த பெஞ்சுல வாய் மிண்டாம இருந்தேன்? அத மட்டும் எனக்குத் தெரியணும். நாலோ, ஏழோ."

கனகதாஸ் என்னைப் பார்த்தான். நான் குழந்தையைப் பார்த்தேன். நாளை விசாரணை என்று வரும்போது சொல்வதுதான் முறை, இங்கே சொல்லி என்ன ஆகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அவன் சரசம்மாவிடம் சொன்னது தெரியாத ஆஸ்பத்திரி மேனேஜர் விஜயதாஸ் அவனைக் கூப்பிட்டு, "பேக்கப்பு ஒண்ணு உண்டுன்னு வெளிய ஆருக்கும் தெரியாது. பின்ன நீ என்னத்துக்குச் சொல்லப் போற? இடி விழுந்துது, கரிஞ்சு போச்சு, தீந்துது" என்றார். இவன் கேட்கவில்லை. வேலை போகும் என்று மிரட்டிப் பார்த்தார். "போவட்டும் சார்" என்றானாம். அன்று ராத்திரி அவனும் ஷீனாவும் ஒருவரோடொருவர் பேசவில்லை என்று ஷீனா பிறகு என்னிடம் சொன்னாள்.

சரசம்மாவின் புகார் மீதான விசாரணை கார்த்திகையில் நடந்தது. வெளியிலிருந்து இரண்டு டாக்டர்கள், ஒரு கம்ப்யூட்டர் நிபுணர். அந்த நிபுணர் முப்பது வயதுப் பெண், பெயர் பிந்துஜா. கனகதாஸ் முப்பத்தேழு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, தேதி வாரியாகக் குத்தி, மேசையில் வைத்தான். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்துக்கொண்டு வந்தவன் மாதிரி நின்றான். பிந்துஜா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, குன்னத்துகாலிலிருந்து கொண்டுவந்திருந்த சர்வரோடு ஒத்துப் பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"தினமும் இந்தப் பக்கத்தைப் பார்த்தீர்களா?"

"மேல உள்ள பச்சய மட்டும் பாத்தேன் மேடம்."

"ரெண்டு கார்டும் வேணும்னு ஏன் எழுதல?"

"ஒண்ணு இருந்தா மதின்னு நெனச்சேன்."

அவள் பேனாவை மூடி வைத்தாள். இது வேண்டுமென்று செய்தது இல்லை, யாரும் எதையும் அழிக்கவில்லை, பதிவுகள் சுத்தமாக ஒத்துப்போகின்றன என்று மற்ற இருவரிடமும் சொன்னாள்.

அடுத்தது என் முறை. ரத்தம் கேட்டு லேபுக்குத் தகவல் வந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரியின் தலைவரான சூப்பரண்டு எதிரில் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, லேபுக்குச் சீனியர் ஒருத்தரை நியமிக்கப் போகிறோம் என்று மட்டும் சொல்லியிருந்தார். மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ஓர்மையில்ல சார், மறந்துபோச்சு" என்றேன்.

பின்வரிசையில் கனகதாஸ் தலை நிமிர்ந்தான். நான் பஸ்ஸில் சொன்னதை அவன் எழுந்து சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வெட்கம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது எனக்கு. வெட்கம் வந்தும் வாய் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூன்று வாரம் கழித்து இரு தரப்பையும் கூப்பிட்டு அறிக்கையை வாசித்தார்கள். பதிவுகள் அழிந்தது இடியாலும் ஓர் ஊழியரின் கவனக்குறைவாலும். டாக்டர் தாமதமாக வந்தார் என்பதற்கு ஆதாரம் இல்லை. இரண்டே பக்கம். கனகதாஸ் உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால், பதிவை ஆஸ்பத்திரியே அழித்துவிட்டது என்ற சந்தேகமாவது சரசம்மாவின் பக்கம் நின்றிருக்கும். அவன் சொன்ன உண்மை அதையும் துடைத்துவிட்டது. நான் சொல்லாத உண்மை டாக்டரைக் காப்பாற்றியது. அடுத்த வாரமே கவனக்குறைவென்று அவனை வேலையிலிருந்து எடுத்தார்கள். இப்போது பாறசாலையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆதார் திருத்த விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறான்.

ஆனால் அன்றைக்கு, அறிக்கை வாசித்த கையோடு, வராந்தாவில் சூப்பரண்டு அவனைத் தேடி வந்தார். நாலு வருஷத்தில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிராத மனுஷன் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "கனகதாஸே, வளரெ நன்னி. நீ ஞங்ஙளெ ரட்சிச்சு" என்று, எங்களைக் காப்பாற்றிவிட்டாய் என்று, மலையாளத்தில் சொன்னார். அவன் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான். அவர் விடவில்லை. படிக்கட்டுப் பக்கம் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சரசம்மா நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூப்பரண்டு போனபிறகு அவர் மெல்ல அருகில் வந்தார். ஏசுவார், மண்ணை வாரி எறிவார் என்று நினைத்தேன். கனகதாஸின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஒனக்கு இது போதுமா மக்கா?" என்று மட்டும் கேட்டார். அவன் இரண்டு கையையும் கூப்பினான்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அவன் சொன்னது அவ்வளவும் நெசம். ஏழு மணிக்கு அக்கா. ஆறு அம்பதுக்குத்தான் கார் வந்துது. நான் கண்டேன். அது வரைக்கும் உள்ள டாக்டரு இல்ல. நான்தான் சொல்லாம விட்டேன்."

என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்தபோது சரசம்மா என்னைப் பார்க்கவில்லை, கனகதாஸையும் பார்க்கவில்லை. வராந்தாக் கோடியில், பிரசவ வார்டின் வாசலில் கிடக்கும் அந்த நீல பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் கூவியிருக்கணும்" என்றார். "மூணு மணிக்கூறு. வாசல ஓடச்சுப் போட்டு உள்ள போயிருக்கணும்."

குழந்தை அவர் காதைப் பிடித்து இழுத்தது. அவர் அதை விலக்கவும் இல்லை.